அடைபட்ட குடலுக்கு வழி கண்ட வரலாறு

மாரிகாலத்தில் மட்டக்களப்பு வாவி பெருகும்போது முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்குமாயின், படுவான்கரை வயல்கள் நீரில் மூழ்கும். அவ்வேளை ஆற்றுவாயை வெட்டிவிடுதல் நம்மவர் வழக்கம். நேர்குடலிற் புற்றுநோய் முற்றி வழியை அடைத்தவிடத்து உடலுக்கு நேர்வதும் ஏறக்குறைய இத்தகையதே. வயிறு வீங்கும், வாந்தி ஓயாது, மலமும் வாயுவும் வெளியேறா. நோயை வேரறுக்க இயலாத நிலையிலும் அடைப்புக்கு வழி செய்தே ஆகவேண்டும். இன்றேல் உயிர் சில நாள்களே தரிக்கும்.

1776ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்து ரூவான் நகரிலே, இந்நோயுற்ற வணிகர் ஒருவருக்கு, பாரத்தினால் அடைப்பைத் தள்ளிவிடும் என்னும் நம்பிக்கையில் இரண்டு இறாத்தல் பாதரசம் பருகக் கொடுத்தனர். அது பயன்படாதொழியவே, பில்லோர் என்னும் சத்திர வைத்தியர் வயிற்றைத் திறந்து, பெருங்குடலின் தொடக்கத்திற் புதியதொரு வாய் அமைத்தார். அவ்வாய் செவ்வனே இயங்கிற்று. ஆயினும் இருபத்தெட்டாம் நாளில் நோயாளி இறந்தார். அவரைக் கொன்றது சத்திரமன்று. உள்ளே தங்கிய பாதரசமே.

அட்டைகளால் குருதியை உறிஞ்சுவித்துப் பெரும்புகழ் ஈட்டிய பாரிசு வைத்தியர் புரூசே 1838இல் இதே நோயால் மாண்டார். அவருடைய நண்பர் அமுசா அத்துயரினால் உந்தப்பட்டு, மறு ஆண்டிலே இடுப்பின் பின்புறமாகப் பெருங்குடலைத் திறக்கும் முறையை நிறைவேற்றினார். ஈதர் மயக்கம் 1846இலேதான் வழக்குக்கு வந்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்க!

வயிற்றில் வாய் அமைத்துப் பை அணியும் முறை இன்றும் நிலைத்துப் பலரை வாழ்விக்கின்றது. ஆயினும், யான் அறிந்த முதியவர் ஒருவர், வாவியில் வலை வீசிப் பிழைத்தவர், பையுடன் கோயிலுக்குப் போவதெப்படி என வினவிச் சத்திரத்தை மறுத்துவிட்டார். அவ்வினாவை அற்பமென யான் கருதேன்.

வெட்டாமலே வழி திறக்கும் உபாயம் அண்மைக் காலத்தது. அதன் பெயர் ‘ஸ்ரென்ட்’. சாள்ஸ் ஸ்ரென்ட் என்னும் ஆங்கிலப் பல்வைத்தியர் 1856இல் பல் அச்செடுப்பதற்கென ஒரு பசையை ஆக்கினார். முதலாம் உலகப் போரில் எஸ்ஸர் என்னும் ஒல்லாந்தர் முகக் காயங்களிற் பதித்த தோலைத் தாங்கிநிற்க அதனைக் கையாண்டார். அதன்பின் தாங்கிநிற்கும் கருவி எதற்கும் அப்பெயர் ஆயிற்று. நாம் வலைக்குழாய் எனலாம். நேர்குடற் புற்றடைப்புக்கு அதனைச் செலுத்தியதை டோமோட்டோ என்பவர் 1991இல் வெளியிட்டார். உள்நோக்கும் கருவியும் எக்ஸ் கதிரும் துணையாக, கட்டியினூடே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன்மேல் ஒடுங்கிய வலைக்குழாயைக் கொண்டுசென்று விரியவிடுவர். நிக்கல், தைற்றேனியம் என்பவற்றின் கலப்புலோகத்தாலான வலை ஓரிரு நாள்களிற் படிப்படியாக விரிந்து வழியைத் திறக்கும். நோயாளி விரைவில் வீடு திரும்பலாம், பை வேண்டுவதில்லை. ஆயுள் இதனால் நீள்வதில்லை.

குறைகளும் உள. குடல் துளைபடலாம், குழாய் இடம்பெயரலாம், கட்டி வலைக்கண்களினூடே வளர்ந்து மீண்டும் அடைக்கலாம். 2008இல் வெளியான ஒல்லாந்து ஆய்வொன்று, குடல் துளைபட்டமையால் இடையிலே நிறுத்தப்பட்டது. ஆசனவாய்க்கு மிக அண்மையிலுள்ள கட்டிக்கு இக்குழாய் பொருந்தாது. ஓயாத வலியும் மலம் அடக்கவியலாமையும் விளையும். முற்கூறிய முதியவருக்கு இருந்தது அத்தகைய கட்டியே.