கண்டியின் மலைவாயிற் கோட்டைகள்

யப்பான் நாட்டிலே மலையுச்சிக் கோட்டைகளின் அழிபாடுகளைக் காணச் செல்வது கற்றோர்க்கும் மற்றோர்க்கும் உவப்பானதொரு வழக்கமாக உள்ளது. அவற்றுட் பெயர்பெற்றது தக்கேடாக் கோட்டை. 353 மீற்றர் உயரமான குன்றின்மேல் மாடங்களும் கூரைகளும் அழிந்தொழிய, கல்லடுக்குகள் மாத்திரம் எஞ்சி நிற்கின்றன. இலையுதிர் காலத்து விடியற்பொழுதிற் பள்ளத்தாக்கை மூடுபனி நிரப்பும்போது அக்கற்கள் முகிலின்மேல் மிதப்பனபோலத் தோன்றும். அக்கோட்டை 1600 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. 1615 இல் தொக்குகாவா அரசு மாகாணத்துக்கு ஒரு கோட்டையே இருத்தல் வேண்டும் என ஆணையிட்டமையால், வேறு பல கோட்டைகளும் இடிக்கப்பட்டன. மலைக்கோட்டை தன் தலைவனின் அதிகாரத்துக்கு உறைவிடமாயிருந்தமையாலேயே பேரரசு அதனை அஞ்சியது.

கண்டி இராச்சியத்தின் மலைக்கோட்டைகளை இவற்றோடு ஒப்புநோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். கண்டிக்கு ஏறும் வழிகளுள் இரண்டு வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவன. ஒன்று, கொழும்புத் திசையிலிருந்து கடுகண்ணாவைக்கு அணித்தாயுள்ள பலன மலையைக் கடந்து வருவது. மற்றையது, குருநாகலிலிருந்து கலகெதரக் கணவாயினூடாக ஏறிக் கட்டுகஸ்தோட்டையை அடைவது. பலன என்னுஞ் சிங்களச் சொல் பார்த்தலைக் குறிப்பது. கலகெதர என்பதற்குக் கல்வீடு என்பது பொருள். ஒன்றன் பெயரிற் கண்ணும் மற்றதன் பெயரிற் கல்லும் அமைந்துள்ளன. இவ்விரண்டனுள் எது கண்டியைக் காத்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கல்லே காத்தது எனக் கொள்வோமாயின், வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. 1603 இற் போர்த்துக்கேயத் தளபதி அசவேது பலனக் கோட்டையைக் கைப்பற்றினான். ஆயினும் அவனுடன் வந்த சுதேசப் படையினர் அவனைக் கைவிட்டுக் கிளர்ந்தமையாற் பின்வாங்க நேர்ந்தது. 1765 இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக்கின் படை கலகெதர வழியே ஏறிப் பெப்ரவரி மாதத்திற் கண்டி நகரினுட் புகுந்தது. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதற்கு முன்னரே நகரை விட்டு அகன்றிருந்தான். நோயும் உணவுத் தட்டுப்பாடும் வாட்ட, ஒல்லாந்தர் அவ்வாண்டிலேயே நகரைக் கைவிட்டு இறங்கினர். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதி மக்டவலின் படை கலகெதர, கிரிகம ஆகிய காவலிடங்களைக் கைப்பற்றித் தலைநகரை அடைந்தது. அங்கும் வெறுமையே எதிர்கொண்டது. நகரிலே நிறுத்தப்பட்ட படை காய்ச்சலால் நலிந்து, யூன் 24 ஆம் நாள் சரணடைந்தது. அதிலிருந்த ஆங்கிலேயருட் பெரும்பாலார் கொல்லப்பட்டனர்.

மூன்று முறையும் கணவாய்க் கோட்டைகள் வீழ்ந்தன. மூன்று முறையும் இராச்சியம் வீழவில்லை. ஆகவே அக்கோட்டைகள் பகைவனை முற்றாகத் தடுத்து நிறுத்தும் மதில்களாக அமைந்தன என்பதினும், அவன் வரவை முன்னறிந்து அறிவிக்குங் கண்களாக அமைந்தன என்பதே பொருந்தும். செய்தி முந்தினால் அரசன் அகலலாம். நெல்லையும் கால்நடையையும் மக்கள் காட்டினுள் மறைக்கலாம். எஞ்சிய பணியை ஒடுங்கிய பாதையும் மழையும் காய்ச்சலும் செய்து முடிக்கும்.

இக்காவல் முறையின் மற்றொரு பகுதியை ரொபேர்ட் நொக்ஸ் நன்கு விளக்கியுள்ளார். 1660 இற் சிறைப்பட்டு 1679 இல் தப்பிச் சென்ற இவ்வாங்கிலேயர், 1681 இல் வெளியான தம் நூலில் வழிகள்தோறும் அமைந்த முட்கதவங்களையும், அவற்றை இரவும் பகலும் காத்த ஊரவரையும், அவ்வழிச் செல்வோர் காட்டவேண்டிய களிமண் முத்திரையையும் எடுத்துரைக்கின்றார். கடவத்தை எனப்பட்ட அம்முட்காவல் அரசனுக்குரிய ஊழியத்தின் பாற்பட்டது. காத்து நின்றவர் அயலிலிருந்த உழவர். பகைவன் வந்தபொழுது வயலையும் வீட்டையும் விட்டுக் காட்டுக்குச் சென்றவரும் அவரே. நாட்டின் விடுதலைக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

இறுதியில் 1815 இற் கண்டி ஆங்கிலேயர் வசமானது கோட்டை வலியிழந்தமையால் அன்று. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே எழுந்த பிளவே வாயிலைத் திறந்துவிட்டது. கண் விழித்திருந்தும், கண்டதைக் கேட்டு ஒன்றுபட்டு எழுவார் இலராயினர். அதன் பின்னர் ஆங்கிலேயர் கடுகண்ணாவை மலையைக் குடைந்து வீதி சமைத்தனர். 1867 இற் புகையிரதமும் கண்டியை அடைந்தது. யப்பானிலே மலைக்கோட்டைகளை அரசாணை வறிதாக்கியது. இங்கே அப்பணியை வீதி செய்தது. பகைவன் வழியறியாது மயங்குவதே காவலாயிருந்த நாட்டில், யாவர்க்கும் எளிய வழி அமைந்த பின்னர் காவற்குன்றுக்கு வேலை இல்லாது போயிற்று.

பலன மலைமேல் இன்று எஞ்சியிருப்பவை தாழ்ந்த கற்சுவர்களே. தக்கேடாவின் கல்லடுக்குகளைப் படத்திற் கண்டவர்க்கு இவை சிறியனவாகத் தோன்றுதல் கூடும். ஆயின் கல்லின் அளவைக் கொண்டு காவலின் அளவை மதித்தல் பொருந்தாது. முட்கதவம் மக்கி மண்ணாயிற்று. அதனைக் காத்தவர் பெயர் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. ஆதலின் அங்குச் செல்லும் மாணவர் சுவரை மாத்திரம் நோக்கி மீளாது, அச்சுவரருகே நின்று கீழே விரியும் பள்ளத்தாக்கையும் அதனூடு ஏறிவரும் வழியையும் நோக்குவாராக. காவலன் கண்ட காட்சியை நாமும் காணும்போதே அவ்வழிபாடுகள் நமக்குப் பொருள் உணர்த்துவனவாகும்.