தரகர் அறிய வேண்டிய விரிசல்

ஓய்வூதியப் பணத்தில் நான் புதிய அடுக்குமாடி வீடு வாங்கியபோது, தரகர் ஈசானிய மூலையைத் துல்லியமாகக் காட்டினார். சன்னலோரம் சாய்வாக ஓடிய விரிசலைப் பற்றிக் கேட்டதற்கு, "வெறும் பூச்சு வெடிப்புதான், சார்" என்றார்.

பூச்சில் மயிரிழையாய்த் தோன்றும் வெடிப்பு பெரும்பாலும் சிமென்ட் கலவை உலர்ந்து சுருங்குவதால் வருவது. பட்டி பார்த்தால் போதும். செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுபோல் ஏறும் விரிசலோ, அடித்தளம் சீரற்று அமிழ்வதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்குப் பொறியாளர் வேண்டும். தரகராகப் பதிவுசெய்ய வருவோரிடம் இந்த வேறுபாட்டையேனும் சோதித்தறிய வேண்டும் என்பேன்.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையை வகுப்பில் நடத்தியவன்தான் நான்! 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநர் 30 நாள்களில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தரகரின் சொல்லை நம்பிய நான் பொறியாளரை அழைத்தது ஆறாம் ஆண்டில்.