கையிருப்பற்ற உற்பத்தி முறை

தொழிற்சாலைக்கு வேண்டிய உதிரிபாகங்களை வேண்டிய அளவில், வேண்டிய வேளையில் மட்டும் வருவித்து, கிடங்கில் சரக்கைக் குவித்துவைக்கும் வழக்கத்தைக் கூடியமட்டும் ஒழிக்கும் ஏற்பாடு. ஜப்பானிய மோட்டார் ஸ்தாபனமாகிய டொயோட்டாவில் தோன்றிப் பின்னர் உலகெங்கும் பரவியது.

அதன் நிறுவனர் கீச்சிரோ டொயோடா 1938-இல் கொரோமோ என்னும் ஊரில் (1959 முதல் அவ்வூருக்கே டொயோட்டா என்று பெயர்) தொழிற்சாலை திறந்தபோதே இக்கருத்தை முன்வைத்தாராயினும், யுத்தகாலத்தில் அது வேரூன்ற இடமில்லாமற் போயிற்று. 1950-இல் ஸ்தாபனம் திவாலாகும் தறுவாயை எட்டி, தொழிலாளர் பலர் நீக்கப்பட்டு, கீச்சிரோவும் பதவி துறந்தார். அதன்பின் இம்முறைக்கு உருவம் கொடுத்தவர் தைச்சி ஓனோ என்ற பொறியாளர். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் வாங்குவோர் எடுத்துச்சென்ற அளவுக்கே அலமாரி மீண்டும் நிரப்பப்படுவதை முன்மாதிரியாகக் கொண்டு, அடுத்த கட்டத்து வேலையாள் கேட்டால் மட்டுமே முந்தைய கட்டத்தில் பொருள் செய்யப்படும்படி ‘கான்பான்’ என்னும் சீட்டுமுறையை அவர் வகுத்தார். கையிருப்பு மிகுந்தால் குறைகள் அதன் பின்னே மறைந்துகொள்ளும் என்பது அவர் சித்தாந்தம். சிக்கனம் இம்முறையின் ஒரு பயன் மட்டுமே.

இம்முறையின் பலவீனத்தைத் துலக்கமாகக் காட்டியது 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி விடியற்காலையில் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலையில் மூண்ட தீ. பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தை மட்டுப்படுத்துவதும், சிகரெட்டுப் பெட்டியளவே ஆனதுமான ஒரு வால்வில், டொயோட்டாவின் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அந்த ஓரிடத்திலேயே செய்யப்பட்டு வந்தது. கையிருப்போ மிகச் சொற்பமே. மலிவான அச்சிறு பொருள் இல்லாமையால், நாட்டின் மாபெரும் மோட்டார் ஸ்தாபனத்தின் உள்நாட்டுத் தொழிற்சாலைகள் அனைத்தும் சில நாட்களில் ஏறத்தாழ நின்றுபோயின.

ஆயினும் வியப்புக்குரியது அதன் பின் நிகழ்ந்தது. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தது. விலை, உரிமை பற்றிய பேச்சு ஒத்திவைக்கப்பட்டது. அவ்வால்வைச் செய்தறியாத, தையல் யந்திரங்களுக்குப் பெயர்போன பிரதர் நிறுவனம் உட்பட, அறுபத்திரண்டு இடங்களில் சிறுசிறு தொகுதிகளாக உற்பத்தி தொடங்கிற்று. சுமார் ஒரு வாரத்தில் டொயோட்டாவின் வேலை பெரும்பாலும் வழக்கநிலைக்குத் திரும்பியது. நெடுங்காலம் ஒரே வட்டாரத்தில் பழகி, ஒருவர் வேலையை ஒருவர் அறிந்திருந்த பட்டறைகளின் பிணைப்பே அங்குக் கையிருப்பின் ஸ்தானத்தில் நின்றது என்று கொள்வது பொருந்தும். பிறதேசத்து நிர்வாகிகளிற் பலர் இம்முறையைக் கைக்கொண்டபோது, கிடங்குச் செலவு குறைவதைக் கண்டு மகிழ்ந்த அளவுக்கு இந்தப் பரிச்சயத்தின் மதிப்பைக் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

பரிச்சயத்துக்கும் எல்லையுண்டு. 2007-இல் நிகாட்டா பூகம்பத்தில் ரிக்கென் நிறுவனத்தின் பிஸ்டன் வளைய உற்பத்தி தடைப்பட்டபோதும் கார்த் தொழிற்சாலைகள் நின்றன. 2011 மார்ச் 11-ஆம் தேதிப் பூகம்பம் இபராக்கியில் ரெனெசாஸ் நிறுவனத்தின் ‘சிப்’ தொழிற்சாலையைச் சேதப்படுத்தியபோதோ, அத்தகைய நுண்பொருளை அண்டைப் பட்டறை எதுவும் செய்துகொடுக்க இயலவில்லை. பழுதுபார்க்க நூற்றுக்கணக்கானோரை வேறு நிறுவனங்கள் அனுப்புவதே செய்யக்கூடியதாயிற்று. அதன் விளைவாக, கையிருப்பைக் குற்றமாகக் கருதிய டொயோட்டாவே, சிப்புகளை மட்டும் இரண்டு முதல் ஆறு மாத காலத் தேவைக்குச் சேமித்துவைக்குமாறு தனக்குப் பொருள் வழங்குவோரைக் கேட்டுக்கொண்டது. 2021-இன் தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் பிற கார் நிறுவனங்கள் தடுமாறியபோது அச்சேமிப்பு அதற்குக் கைகொடுத்தது. ஆயினும் தென்கிழக்காசியாவில் கொள்ளைநோய் மிகுந்து அங்குள்ள தொழிற்சாலைகள் முடங்கவே, அவ்வாண்டு செப்டம்பர் மாதத்துக்குத் திட்டமிட்ட உலக உற்பத்தியில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கை டொயோட்டாவும் குறைக்க நேர்ந்தது.