பியர் வெறும் பார்லித் தண்ணியா?



போன வாரம் வகுப்பில் மெசொப்பொத்தேமிய நாகரிகம் நடத்திக்கொண்டிருந்தோம். 5000 வருடங்களுக்கு முன்பே சுமேரியர்கள் வேலையாட்களுக்குக் கூலியாகக் கொடுத்த பியரின் கணக்கைக் களிமண் பலகையில் எழுதி வைத்தார்கள் என்று சொன்னதும், பின்வாங்கிலிருந்து ஒரு மகன் எழும்பினான்.

"சேர், பியர் சாராயம் இல்லையே. பார்லித் தண்ணிதானே?"

வகுப்பே சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. இதே பேச்சை ஊர்ச் சந்தியில் பெரிய பிள்ளைகளின் வாயிலும் கேட்டிருக்கிறோம். "பாடத்தைப் பார், இரு" என்று அதட்டியிருக்கலாம். ஆனால் கேள்விக்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது.

பியர் மிகப் பழையது. எகிப்தில் பிரமிட் கட்டியவர்களுக்கு ரொட்டியோடு பியரும் பங்காகக் கிடைத்தது. பாபிலோனில் ஹம்முராபியின் சட்டத்தில், பியர் அளவைக் குறைத்து ஏமாற்றும் கடைக்காரிக்குத் தண்டனை எழுதப்பட்டிருக்கிறது. 1516இல் ஜெர்மனியின் பவேரியாவில் பார்லி, ஹொப்ஸ் பூ, தண்ணீர் மூன்றையும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாதென்று சட்டம் போட்டார்கள். ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அது செய்யும் வேலை அன்று யாருக்கும் விளங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர்தான் அதை விளக்கினார்.

அந்த வேலை என்ன? பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டு உலர்த்துவார்கள். இதுதான் மோல்ட். அதை நொறுக்கிச் சுடுதண்ணீரில் போட்டால் மாப்பொருள் சீனியாக மாறும். வடித்து, ஹொப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் இடுவார்கள். ஈஸ்ட் சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். சற்றுச் சூடான நிலையில் புளித்தால் ஏல், குளிரில் மெதுவாகப் புளித்தால் லாகர். கறுவலாக வறுத்த தானியத்தில் செய்தால் ஸ்டௌட். பெயர்தான் வேறு, மதுசாரம் எல்லாவற்றிலும் ஒன்றே.

ஆக, பார்லித் தண்ணி என்பது முதல் கட்டம் மட்டும்தான். உம்மாமார் காய்ச்சலுக்குக் காய்ச்சித் தரும் பார்லித் தண்ணியில் ஈஸ்ட் வேலை செய்யவில்லை.

இனி அந்த மகனின் கேள்வி. அது புதிதல்ல, 1400 வருடப் பழசு. அபூ மூஸா அல் அஷ்அரீ (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் யெமனுக்கு அனுப்பியபோது, அங்கே செய்யப்படும் இரண்டு பானங்களைப் பற்றி அவர் கேட்டார். தேனில் செய்வது பித்உ, பார்லியில் செய்வது மிஸ்ர். மிஸ்ர் என்பது பியரேதான். போதை தரும் எல்லாமே ஹராம் என்பது நபியவர்களின் பதில். எதில் செய்தது என்பதை அவர்கள் அளவுகோலாக்கவில்லை. உமர் (ரழி) அவர்களும் தமது குத்பாவில் மது செய்யப்படும் பொருட்களில் பார்லியையும் சேர்த்தே சொன்னார்கள்.

"கொஞ்சம்தானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் நாட்டில் விற்கும் ஸ்ட்ரோங் பியரில் மதுசாரம் 8 சதவீதத்துக்கும் மேல். 500 மில்லிலீற்றர் டின் ஒன்றில் 40 மில்லிலீற்றர் மதுசாரம். 33 சதவீதச் சாராயத்தில் ஏறத்தாழ 120 மில்லிலீற்றர் குடித்ததற்கு அது சமம். கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டியபோது வகுப்பில் சத்தமே இல்லை.

பெற்றோரே, பிள்ளை இப்படிக் கேட்டால் வாயை அடைக்காதீர்கள். வீட்டில் பதில் கிடைக்காத பிள்ளை சந்தியில் கேட்கும். சந்தியில் சொல்லும் பதில்தான் "பார்லித் தண்ணி".

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.