ஆவாரம்பட்டையும் பொன்னியின் செல்வனும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கணியம்பாடி. அந்தப் பக்கத்துக் கரம்புகளில் ஆவாரஞ்செடியைப் பார்த்திருப்பீர்கள். பூவைக் காயவைத்து டீ போட்டுக் குடிப்பதோடு நமக்கும் அதற்குமான உறவு சரி. 19-ம் நூற்றாண்டில் கதையே வேறு. அன்றைக்கு மவுசு அதன் பட்டைக்குத்தான்!

ஆட்டுத்தோலைப் பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுப் பதப்படுத்தி லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். தென்னிந்தியா முழுக்க நடந்த வியாபாரம் இது, நம்ம பாலாற்றங்கரை உட்பட. அங்கே போன தோல் புத்தகங்களுக்கு மேலட்டையானது. வெள்ளைக்கார வியாபாரிகள் அதற்கு வைத்த பெயர் 'பெர்ஷியன்'. பெர்ஷியாவுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

பிரச்னை பிறகுதான் தெரிந்தது. நூலகத்தில் புத்தகத்தை எடுத்தால் கையெல்லாம் செம்பொடி. தோல் உதிர்கிறது! 1900-ல் லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு கமிட்டி போட்டது. அடுத்த வருஷமே அறிக்கை. கேஸ் விளக்குப் புகை, வெயில், சாயம் போடும்போது சேர்க்கிற கந்தக அமிலம் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறின. தோல்களில் முதலிடம் சுமாக் இலையில் பதப்படுத்தியதற்கு. கடைசி வரிசை? நம்ம ஆவாரம்பட்டைத் தோல்தான்.

அந்தக் கமிட்டியில் இருந்தவர் டக்ளஸ் காக்கரெல், புத்தக பைண்டர். 1901-ல் பைண்டிங் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் ஓர் அருமையான விஷயம் சொல்கிறார். அலமாரியில் யாரும் தொடாமல் நிற்கிற புத்தகத்தைவிட, அடிக்கடி எடுத்துப் படிக்கிற புத்தகத்தின் தோல்தான் நீடித்து உழைக்கிறதாம். விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசைதான் அதற்குத் தீனி! (இன்றைய நூலகர்கள் காதில் போட்டால் முறைப்பார்கள்.)

பி.காம். படித்தவனுக்கு இது ஜீரணமாகாது. பயன்படுத்தினால் பொருளின் மதிப்பு குறையும், அதற்குத் தேய்மானம் என்று பெயர். இங்கே கணக்கு தலைகீழ்.

நம் வீடுகளில் தோல் பைண்டிங் ஏது? காலிகோ துணி முதுகு, தடிமனான அட்டை, பசை வாசனை. 1950 அக்டோபர் 29-ல் 'கல்கி'யில் தொடங்கி 1954 வரை ஓடியது 'பொன்னியின் செல்வன்'. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் ஓவியங்களோடு பைண்டு பண்ணி வைத்த குடும்பங்கள் எத்தனை! காய்ச்சலில் படுத்தால் அது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தால் அது. வீட்டில் சண்டை போட்டுச் சாப்பிடாமல் மொட்டை மாடிக்குப் போனாலும் கையில் அதுதான்.

தஞ்சைக் கோட்டையில் வந்தியத்தேவன் மாட்டிக்கொள்வானா என்று முதல்முறை பதறியவர்கள், ஏழாவது முறை நிதானமாகக் கூடவே நடப்பார்கள். தப்பித்துவிடுவான் என்று தெரியும். அந்தத் தெம்பு நாளைக்கு வரப்போகிற கடன்காரர் விஷயத்தில் கிடைக்குமா? வேலூர்க்காரர்களுக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. வந்தியத்தேவனின் வாணர் குலம் கோலோச்சிய திருவல்லம் இந்த மாவட்டம்தான்.

1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. மலிவுப் பதிப்புகள் குவிந்தன. 2022-லும் 2023-லும் சினிமாவாகவும் வந்துவிட்டது. ஆனாலும் பரணில் இருக்கிற அந்தப் பழைய பைண்டை யாரும் எடைக்குப் போடுவதில்லை. முதல் அத்தியாயம் 'ஆடித்திருநாள்' கிழிந்து எங்கேயோ போயிருக்கும். மனப்பாடம்தானே என்று அடுத்த பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள்.