1933: இரண்டு வயல்கள்

வரலாற்றுத் தேர்வில் ஒரு வினா அடிக்கடி இடம்பெறும். முதலாளித்துவத்திற்கும் பொதுவுடைமைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக என்பது அது. மாணவர் தாளின் நடுவே ஒரு கோடு கிழிப்பார். இடப்புறம் தனியுடைமை, வலப்புறம் பொதுவுடைமை. இடப்புறம் குடியாட்சி, வலப்புறம் சர்வாதிகாரம் என்று நிரப்பிக்கொண்டே போவார். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆயினும் அந்தக் கோடு இரு வேறு வினாக்களை ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. வயல் யாருக்கு உரியது என்பது பொருளாதாரம் பற்றிய வினா. ஆள்வோரைக் கேள்வி கேட்கவும் மாற்றவும் யாருக்கு உரிமை உண்டு என்பது அரசியல் பற்றிய வினா. இவ்விரண்டையும் பிரித்தறிய 1933-ஆம் ஆண்டைப்போல் உதவும் ஆண்டு வேறொன்றை நான் அறியேன். அவ்வாண்டில் இரு நாட்டு வயல்களைப் பார்ப்போம்.

முதலில் அமெரிக்கா. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அவ்வாண்டு ஏறத்தாழ 1 டாலருக்கு விற்ற ஒரு புஷல் கோதுமை, 1932-இல் 40 சென்டுக்கும் கீழே இறங்கிற்று. விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் மக்காச்சோளத்தை விற்றுக் கரி வாங்குவதைவிடச் சோளத்தையே அடுப்பில் எரிப்பது மலிவு என்று அயோவா, நெப்ராஸ்கா உழவர் சிலர் கண்டனர். அதே வேளையில் நாட்டு உழைப்பாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையிழந்திருந்தார். நகரங்களில் இலவச உணவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். உணவு இருந்தது, வாங்கக் கையில் காசில்லை.

இனிச் சோவியத் நாடு. 1929 இறுதியில் ஸ்டாலின் அரசாங்கம் குடியானவரின் நிலங்களையும் கால்நடைகளையும் கூட்டுப் பண்ணைகளில் சேர்க்க முனைந்தது. காரணம் விளங்காததன்று. ஆலைகளுக்கான இயந்திரங்களை அயல்நாடுகளில் வாங்கப் பணம் வேண்டும். அதைத் தானிய ஏற்றுமதி ஈட்டித்தர வேண்டும். தானியம் குடியானவர் கையில் இருந்தால் அவர் விலை பேசுவார். பண்ணையாக்கிவிட்டால் களத்திலேயே அளந்து எடுத்துக்கொள்ளலாம். மாட்டைப் பறிகொடுப்பதைவிட அறுத்துத் தின்பதே மேல் என்று பலர் துணிந்தனர். 1933-க்குள் நாட்டின் மாடுகள் ஏறத்தாழப் பாதியாகிவிட்டன. விளைச்சல் குறைந்தது, கொள்முதலின் கடுமையோ தணியவில்லை. 1932 ஆகஸ்ட் 7-ஆம் நாள் பிறந்த சட்டம், பண்ணைப் பொருளைத் திருடுவோருக்கு மரண தண்டனை விதித்தது. இரக்கம் காட்ட இடமிருந்தால் 10 ஆண்டுச் சிறை. வயலில் கதிர் பொறுக்கியவர்களும் இதில் அகப்பட்டதால், மக்கள் இதனைக் கதிர்ச் சட்டம் என்றே வழங்கினர். 1933 ஜனவரியில் உக்ரேன், குபான் பகுதிக் குடியானவர் உணவு தேடி வெளியேறாதபடி தடுக்கப்பட்டனர். அங்கும், வால்கா ஆற்றுப் பகுதியிலும், கஸக்ஸ்தானிலும் பஞ்சத்தில் மடிந்தோர் 50 லட்சம் முதல் 80 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு. தானியக் கப்பல்கள் அப்போதும் புறப்பட்டுக்கொண்டிருந்தன.

ஆலைகள் எழுந்தன என்பதும் மெய்யே. மாக்னிட்டோகோர்ஸ்க் உருக்காலை 1932-இல் இரும்பு வடிக்கத் தொடங்கிற்று. ஹிட்லரின் படையைத் தடுத்த டாங்கிகளுக்கு அது எஃகு தந்தது. வேலை கிடைக்கும் என்று கேள்வியுற்று அமெரிக்கருள் சிலரே அங்குப் பிழைக்கச் சென்றனர். இதை விட்டுவிட்டு எழுதுவது வரலாறாகாது. ஆனால் ஆலைகளைக் காட்டி அந்தச் சாவுகளைக் கழித்துவிடும் கணக்கையும் நான் ஏற்பதற்கில்லை.

ஆக, இரு பொருளாதார முறைகளும் தவறின. தவறு தெரிந்தபின் என்ன நடந்தது? அமெரிக்க வாக்காளர் 1932 நவம்பரில் ஹூவரை வீட்டுக்கு அனுப்பி ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்தனர். 1933 மே மாதச் சட்டம், விளைச்சலைக் குறைக்கும் உழவருக்குப் பணம் தந்தது. ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் பருத்தி மடக்கி உழப்பட்டது. சுமார் 60 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. பசித்த நாட்டில் இது விந்தையான வைத்தியந்தான்! மக்கள் சீறினர். அக்டோபரிலேயே மிகுபொருளை ஏழைகளுக்கு வழங்க ஓர் அமைப்புத் தோன்றியது. 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது.

சோவியத் நாட்டில் பஞ்சம் என்ற சொல்லே பத்திரிகையில் வரவில்லை. காரத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் உக்ரேனியக் கிராமங்களில் நடந்து சென்று கண்டதை 1933 மார்ச் 29-இல் பெர்லினில் வெளியிட்டார். மாஸ்கோவிலிருந்த அயல்நாட்டு நிருபர்களே அவரை மறுத்தெழுதினர். 1937-இல் எடுத்த குடிக்கணக்கில் மக்கள்தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைந்து நின்றது. அரசாங்கம் அக்கணக்கை ரத்து செய்து, எடுத்த அதிகாரிகளைச் சிறைப்படுத்தியது. பஞ்சம் நிகழ்ந்ததை உக்ரேனிய ஆட்சித் தலைமை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1987 டிசம்பரில்தான்.

இந்த இடத்தில் மாணவர் அமெரிக்காவின் பக்கம் முழு மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்துவிடலாகாது. பருத்தியை உழுததற்கான பணம் பெரும்பாலும் நிலக்கிழார் கைக்கே போயிற்று. பயிரிடும் பரப்புக் குறையவே, வாரத்திற்கு உழுத குடிகள் பலர் நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். அவருள் கறுப்பின மக்கள் மிகுதி. தென் மாநிலங்களில் அவர்களுக்கு வாக்குரிமை ஏட்டளவில்தான் இருந்தது. பத்திரிகை சீறிப் பன்றிகளுக்கு வழி பிறந்த அதே நாட்டில், இவர்களுடைய முறையீடு வாஷிங்டனை எளிதில் எட்டவில்லை. 1934 ஜூலையில் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையருமான வாரக்குடிகள் சேர்ந்து ஒரு சங்கம் கண்டனர். அடியும் சிறையும் பட்டனர். தென் மாநிலக் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு வலுவான சட்டப் பாதுகாப்பு வந்தது 1965-இல்.