தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்குகள்

தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்குகள் என்பன, தமிழ்நாட்டின் தூத்துக்குடியில் இயங்கிவந்த ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடுவது தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இந்திய உச்ச நீதிமன்றம் ஆகியவற்றில் 1996 முதல் 2024 வரை நடைபெற்ற வழக்குகளையும் மேல்முறையீடுகளையும் குறிக்கும். செய்தித் தலைப்புகளை மட்டும் படித்தோருக்கு ஆலை மாறிமாறி வென்றும் தோற்றும் வந்ததாகத் தோன்றும். ஆயினும், நீதிமன்றங்கள் விடையளித்த கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் வேறாக இருந்தது.

பின்னணி

இவ்வாலைக்கு மத்திய அரசு 1995 சனவரியில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியது. பின்னர் இசைவாணை வழங்கிய தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதியிலிருந்து ஆலை 25 கிலோமீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. முத்துக்குளிப்புக்கும் சங்கு குளிப்புக்கும் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாவின் வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய தீவுகள் ஆலைக்கு அதைவிட அருகில் உள்ளன. இந்நிபந்தனை பின்னர் வழக்கின் முக்கிய வாதங்களுள் ஒன்றாயிற்று.

முதல் சுற்று

1996 முதல் தொடுக்கப்பட்ட நீதிப்பேராணை மனுக்களை விசாரித்த உயர் நீதிமன்றம், 2010 செப்டம்பர் 28 அன்று ஆலையை மூட உத்தரவிட்டது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்ததால் ஆலை தொடர்ந்து இயங்கியது. இடைக்காலத் தடை என்பது தீர்ப்பன்று; விசாரணை முடியும்வரை பழைய நிலை நீடிக்கச் செய்யும் ஏற்பாடு மட்டுமே.

2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவை நீக்கியது. மக்கள் கருத்துக்கேட்பு 1997 இல்தான் கட்டாயமாக்கப்பட்டது. எனவே 1995 அனுமதி அது நடத்தப்படாததால் செல்லாததாகிவிடாது என்று நீதிமன்றம் கூறியது. எனினும் ஆலை மாசு ஏற்படுத்தியதையும், புதுப்பிக்கப்பட்ட இசைவின்றி நெடுங்காலம் இயங்கியதையும் ஏற்று, 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த ஆணையிட்டது. ஆலை குற்றமற்றது என்று இத்தீர்ப்பு கூறவில்லை. வழக்கில் நேரில் வாதாடிய வைகோவின் பணியையும் நீதிமன்றம் பாராட்டியது.

2018 மூடல்

2018 ஏப்ரலில் வாரியம் இசைவைப் புதுப்பிக்க மறுத்தது. மே 22 அன்று தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்புப் பேரணி நடைபெற்றது. இதனைத் தொடர்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று தமிழக அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. நிறுவனம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. தீர்ப்பாயம் 2018 டிசம்பர் 15 அன்று மூடல் ஆணைகளை நீக்கியது.

தமிழக அரசின் மேல்முறையீட்டில், 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவை நீக்கியது. ஆலை மாசு ஏற்படுத்தியதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. அரசாணையை எதிர்க்கும் அவ்வழக்கைத் தீர்ப்பாயம் விசாரிக்க அதிகாரம் உண்டா என்பதையே ஆராய்ந்து, இல்லை என்று முடிவுசெய்து, உயர் நீதிமன்றத்தை அணுக நிறுவனத்திற்கு வழிவிட்டது. ஆலைக்கு எதிரான இறுதித் தீர்ப்பாக அன்று பலரும் இதனைக் கொண்டாடியது சட்டநோக்கில் பொருந்தாது.

இறுதிக் கட்டம்

உண்மைநிலை குறித்த விரிவான விசாரணை அதன்பின்னரே உயர் நீதிமன்றத்தில் நடைபெற்றது. நீதிபதிகள் டி. எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன் ஆகியோர் அடங்கிய அமர்வு, 2020 ஆகஸ்ட் 18 அன்று 815 பக்கத் தீர்ப்பில் மூடலை உறுதிசெய்தது. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆக்சிசன் உற்பத்திக்கு மட்டும் அவ்வாண்டு சூலை 31 வரை அனுமதியளித்தது. தாமிர உற்பத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து நிறுவனம் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்தது. இத்தகைய மனுவில் உச்ச நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிப்பதில்லை. கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிடத்தக்க பெரும்பிழை உள்ளதா என்றே பார்க்கும். தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு அத்தகைய பிழை இல்லை எனக் கூறி, 2024 பிப்ரவரி 29 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தது. தாமிரக் கசடு பல இடங்களில் கொட்டப்பட்டது முதலிய விதிமீறல்களை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மறுஆய்வு மனுவும் 2024 அக்டோபரில் தள்ளுபடியானது.